கடற்கரைக்குப் போன கருவி

அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகம்.

நான் காற்றை அளக்கும் இந்த ஊர் கடலுக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிறது. மழைக்காலத்தில் மழையும் கடல்காற்றும் புகையைத் துடைத்துவிடும். பனிக்காலத்தில் காற்று படுத்துவிடும். ஆலைப் புகை மலையைத் தாண்ட முடியாமல் ஊர்மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் கருவியில் புகை அளவு எகிறியது. எங்கள் மேலாளர் ஆலைக்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலையடிவாரத்தில் இருந்த கருவியைக் கழற்றிக் கடற்கரையில் மாட்டச் சொன்னார்.

"அங்கதான்யா நல்ல காத்து வருது" என்றார், கடலையே அவர் வெட்டிவைத்த மாதிரி.

நான்தான் சுமந்துபோய் மாட்டினேன். மறுநாள் அலுவலக வாசலில் 'சுத்தமான காற்று' என்று பலகை வைத்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். படம் எடுக்கும்போது மட்டும் முகமூடியைக் கழற்றினார், மகா தைரியசாலி.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் என் பழைய துண்டுகள் இரண்டைக் கொடுத்தனுப்பு. என் அறை மலையடிவாரத்தில்தான். ஜன்னல் இடுக்கில் செருகவேண்டும். பக்கத்து வீட்டுச் சண்டையை எல்லாம் விடாமல் எழுது. இங்கே சண்டை போடக்கூட ஆள் இல்லை.

தபால் வண்டி வந்துவிட்டது. போனில் நான் இருமினால் பயப்படாதே. எங்கள் பலகைப்படி இங்கே யாருக்கும் இருமல் கிடையாது.

உன் மகன்