டொராண்டோவிலிருந்து இரண்டு நாள்

அக்கா,

நாளை உன் தலைத் திவசம். அதற்காக இன்று காலை திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினேன். டாக்சிக்காரர் என் பெட்டியில் ஒட்டியிருந்த விமானச் சீட்டைப் படித்துவிட்டு, "டொராண்டோயோ! அங்கேர்ந்து எத்தனை மணிக்கூர் ஆவும் சாரே?" என்று கேட்டார். "இருபது" என்றேன். "அத்ரேயுள்ளோ?" என்றார், அவ்வளவுதானா என்கிற வியப்பில். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

உன்னிடம் நான் ஒருநாளும் இருபது என்று சொன்னதில்லை.

அம்மாவுக்குப் பிறகு எனக்கு நீ, உனக்கு நான் என்றுதான் இருந்தோம். நான் வெளிநாடு போன மறு வருஷமே நவராத்திரிக்கு வரச் சொன்னாய். லீவு இருந்தது. சோம்பல், வேறொன்றுமில்லை. "வெள்ளிக்கிழமை ஏறினால் ஞாயிற்றுக்கிழமைதான் இறங்க முடியும்" என்றேன். கிழமைக் கணக்கில் பொய்யில்லை. நடுவில் கடிகாரம் ஒன்பதரை மணி நேரம் முன்னால் ஓடிவிடுவதைத்தான் சொல்லவில்லை. நீயோ, இரண்டு முழு நாள் நான் ஆகாயத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாய்.

"ரெண்டு நாளா! கால் வீங்கிப் போயிடுமேடா. வேண்டாம், நீ ஒடம்பைப் பாத்துக்கோ."

எனக்கு வசதியாகப் போயிற்று. அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட போதெல்லாம் அந்த இரண்டு நாள்தான் எனக்குக் கைகொடுத்தது. எதிர்வீட்டு மாமி, "எம் பொண்ணு அமெரிக்காலேர்ந்து ஒரே நாள்ல வந்துட்டாளே" என்று சொன்னபோது நீ விட்டுக்கொடுக்கவில்லை. "எங்க தம்பி இருக்கற ஊர் அதுக்கும் அப்பறமாக்கும்" என்று சண்டைக்கே போயிருக்கிறாய். அதைப் போனில் பெருமையாகச் சொன்னாய். நான் சிரித்தேன். என்ன மனுஷன் நான்!

போன வருஷம் சித்தப்பா பிள்ளை கண்ணன் கூப்பிட்டான்.

"அக்கா கார்த்தால போயிட்டா. நெஞ்சுவலி. நீ பதறிண்டு ஓடி வராதே. 'அவனுக்கு ரெண்டு நாள் ஆகும், பாவம், என்னைப் போட்டுண்டு காத்திருக்கப்படாது'ன்னு அக்காவே முன்னாடி சொல்லி வெச்சிருக்கா. மத்தியானம் எடுத்துடறோம். நானே கொள்ளி வெச்சுடறேன்."

'இல்லை கண்ணா, நாளைக் காலையில் வந்துவிடுவேன், எனக்காக வைத்திருங்கள்' என்று சொல்லியிருந்தால் போதும். நிச்சயம் காத்திருப்பார்கள். ஆனால் சொன்னால் இத்தனை வருஷப் பொய்யும் அவன் முன்னால் உடைந்துவிடும். உன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதைவிட என் மானம் எனக்குப் பெரிதாகப் பட்டது அக்கா. "சரி" என்றேன்.

போனை வைத்த பிறகு இருப்புக் கொள்ளவில்லை. கிடைத்த விமானத்தில் ஏறினேன். மறுநாள் காலையில் வலியசாலையில் நம் வீட்டு வாசலில் நின்றேன். உன்னை முந்தின நாள் மத்தியானமே எடுத்துவிட்டிருந்தார்கள். கண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பிறகு உள்ளே இருந்தவர்களிடம் திரும்பிச் சொன்னான்:

"பாத்தேளா, ரெண்டு நாள் வழி, ஒரே நாள்ல வந்து நிக்கறான். எல்லாம் அக்காவோட ஆசீர்வாதம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

ஒரு வருஷமாகத் தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சற்றுமுன் எதிர்வீட்டு மாமிகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கக்கா உன்னைத் தூக்கிண்டு வந்தாடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத டாக்சிக்காரரிடம் சொல்ல முடிந்த உண்மையை அவளிடம் என்னால் சொல்ல முடியவில்லை.