குடைக்காரர் எங்கள் தெருவுக்கு வந்த கதை

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் அண்ணன் மகள் வாசலைத் தாண்டவில்லை. காலையிலிருந்து வீட்டிலேயே ஆபீஸ் வேலை. அது முடிந்தால் குடைக்காரர். டிவி தொடரில் குடையோடு துப்பறிவானே, அவன்தான். தொடர் முடிந்து ஒரு வருஷமாச்சு. இவளும் இவளைப் போல நாற்பது பேரும் விடுவதாயில்லை. அவரவர் தெருவுக்கு அவன் வந்தால் என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு கதை எழுதிப் போனில் போடுகிறார்கள். ஒருத்தன் பாட்டே கட்டியிருக்கிறான். வேலையற்ற கூட்டம்!

"அத்தை, நம்ம தெருவுல யார் யார் இருக்காங்க?" என்று கேட்கிறாள். அவள் குடிவந்து நாலு வருஷம். நான் வந்து ஐந்து மாதம். கேட்கிற கேள்வியைப் பார்!

சொன்னேன். சாவி செய்கிறவர், பழைய பேப்பர் கடைக்காரர், தையல்காரம்மா... எனக்குத்தான் வாய் திறந்தால் மூடாதே.

ஜூன் 7, சனி

கதையை வாசித்துக் காட்டினாள். தையல்காரம்மா வந்ததும் போனைப் பிடுங்கி நானே படித்தேன்.

தையல்காரம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அளவெடுக்கும்போது நோட்டில் கிறுக்குவதெல்லாம் சும்மா, பார்க்கிறவர்களுக்காக. ஆள் போனதும் ஆளுக்கொரு நூல் எடுத்து, தோளுக்கு ஒரு முடிச்சு, இடுப்புக்கு ஒரு முடிச்சு என்று போட்டு வைப்பாள். ஒருநாள் மறந்த பையை எடுக்கத் திரும்பிப் போனபோது பார்த்துவிட்டேன். "அக்கா, உங்களோட போகட்டும்" என்றாள். சாமி சத்தியமாக என்று தலையாட்டினேன்.

அதையல்லவா எழுதியிருக்கிறாள் இந்தக் கழுதை! அந்த முடிச்சை வைத்துத்தான் குடைக்காரர் கொலைகாரனைப் பிடிக்கிறாராம்.

"ஏண்டி இதைப் போட்டே?"

"நீங்கதானே அத்தை சொன்னீங்க? எல்லாருக்கும் இதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு."

நான்தான் சொன்னேன். கடவுளே, இந்த நாக்கை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?

ஜூன் 8

கதையை எடுத்துவிட்டாளாம். அதற்குள் பதினேழு பேர் கையில் முடிச்சு நூல் கட்டிப் படம் போட்டாயிற்று.

ஜூன் 14, சனி

நாலு பேர் கிளம்பியே வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு குடை. மழையுமில்லை, வெயிலுமில்லை. தெருவை யார் சொன்னது என்று கேட்கவா வேண்டும்?

நேராகத் தையல்காரம்மாவிடம் போய், "அக்கா, அந்த நூலைக் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறோம்" என்றிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்தா தெருக்கோடி டீச்சர் துணி கொடுக்க வர வேண்டும்? "அப்போ இத்தனை வருஷமா நோட்டுல என்னம்மா எழுதினே?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

விஷயம் தெரிந்து ஓடினேன். அவள் மெஷினை நிறுத்தவே இல்லை.

"எழுத்துத் தெரியாத என் வாய் மூடித்தான் இருக்கு. படிச்ச உங்க வாய்க்கு என்னக்கா வந்துச்சு?"

நான் படித்தது எட்டாவது. அதற்கே இந்த வாய்.

ஜூன் 15

அண்ணன் மகளை உட்காரவைத்து அந்தக் கூட்டத்துக்கு எழுதச் சொன்னேன்: அந்தத் தையல்காரி என் கற்பனை, எங்கள் தெருவில் அப்படி யாருமே இல்லை. பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று மிரட்டி வளர்த்த பிள்ளை. இப்போது நானே பொய் எழுதச் சொல்கிறேன். பாவம் என் தலையில் விடியட்டும்.

மன்னிப்புக் கேட்கவும் அனுப்பினேன். "எந்தக் கடை அத்தை?" என்று என்னிடமே வழி கேட்கிறாள்!

போனாள். தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசியில் நூல் கோத்தாளாம்.

ஜூன் 24

டீச்சர் திரும்பி வந்துவிட்டார். வேறு இடத்தில் தைத்த ஜாக்கெட்டில் கை ஏறவில்லையாம். நான் கடை வாசலில் தயங்கி நின்றேன். "எழுத்தையா உடுத்திட்டுப் போகப் போறாங்க?" என்று தையல்காரம்மா யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். காலால்தான் தள்ளினாள். உட்கார்ந்தேன்.

ஜூலை 2, புதன்

தையல்காரம்மா இன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு விஷயம் சொன்னாள். அடேயப்பா!

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, "அத்தை, தெருவுல என்ன விசேஷம்?"

"வெயில்."

"அவ்வளவுதானா?"

"வேணும்னா நீயே போய்ப் பாரு."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நான் சாமி கும்பிட உட்கார்ந்துவிட்டேன். ஸ்லோகம் இரண்டு வரி தாண்டவில்லை. சொல்லாமல் வயிறு உப்பிக்கொண்டு வருகிறது.

இங்கேயும் எழுதப் போவதில்லை. இந்த நோட்டை வைக்கிற மேஜை டிராயருக்குப் பூட்டு கிடையாது.