சனிக்கிழமைக்குக் கறுப்பு, ஞாயிற்றுக்கிழமைக்கு வெள்ளை

அனமாபு,
மே 14

அன்பு மகன் ஃபீஃபிக்கு அம்மா அராபா எழுதுவது. நீயும் லின்னும் பேரப்பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே உன் தங்கை எகுவா நலம், அவள் பிள்ளைகள் நலம், எனக்கு முழங்கால் மட்டும் மடங்க மறுக்கிறது, மீன் சுடும் அடுப்படியில் நின்றபடியே வேலை பார்க்கிறேன். உன் அப்பாவைப் பற்றி என்ன எழுத, பத்து வாரமாகப் பிணவறையில் ஐஸில் கிடக்கிறார்.

உன் மின்னஞ்சலை எகுவா அச்செடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு பக்கம், பதினேழு கேள்வி, எண் போட்டு. பதினாறு பயணத்தைப் பற்றி, கடைசி ஒன்று அப்பாவைப் பற்றி. நீ வைத்த வரிசைப்படியே பதில் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா என்கிறாய், பத்தொன்பது வயது வரை அதைக் குடித்துத்தான் ஆறடி வளர்ந்தாய், ஆனாலும் இப்போது உன் வயிறு வேறு வயிறு, பிள்ளைகளுக்கும் பழக்கமில்லை, மூடி உடைக்காத பாட்டிலாகப் பார்த்து வாங்கு. மஞ்சள் காய்ச்சல் ஊசி நால்வரும் போட்டுக்கொண்டு அந்த அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள், பெட்டிக்குள் போட்டுவிட்டு விமான நிலையத்தில் தேடாதே. மலேரியா மாத்திரையைப் புறப்படும் முன்பே தொடங்கு, திரும்பிப் போன பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தாதே. ஜூனில் மழை கொட்டும், பிள்ளைகளுக்கு நனைந்தால் சீக்கிரம் காய்கிற உடையாக எடுத்து வா. இடது கையால் பொருளை நீட்டினால் ஆட்கள் தவறாக எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கையில் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவளையே கேட்கிறாய், உனக்கு வெட்கமாக இல்லையா?

வீட்டில் ஏசி இல்லை என்பதால் கடற்கரை ஹோட்டலில் இடம் பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். சரி, இருங்கள். லின்னை நான் குறை சொல்ல மாட்டேன், அப்பா இறந்த அன்றே போன் செய்து அழுதது அவள்தான். நீ மறுநாள் செய்தாய். அக்ராவிலிருந்து இங்கே எப்படி வருவது என்பது பதினொன்றாவது கேள்வி. அந்தச் சாலையிலேயே முப்பது வருஷம் வண்டி ஓட்டியவருடைய மகன் கேட்கிறான். கனேஷி நிலையத்தில் நம் ஊர் வழியாகப் போகிற கேப் கோஸ்ட் வண்டியைப் பிடி, காலை ஆறு மணிக்குள் ஏறிவிட்டால் கசோவா நெரிசலில் மாட்ட மாட்டாய், டிரைவருக்குப் பின்னால் உள்ள வரிசையில் உட்கார், குலுக்கல் குறைவு. ஆனால் நீ யார் மகன் என்று நிலையத்தில் வாயைத் திறக்காதே. போன வாரம் நான் போயிருந்தபோது டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஏம்மா, ஒம் மவன ஏர்போர்ட்டுல விட அண்ணன் வழியெல்லாம் ஆரன் அடிச்சுக்கிட்டுப் போனாரே, அவரக் குழியில எறக்க அவன் வருவானா மாட்டானா?" என்று கேட்டார்கள். நான் தோளில் கிடந்த துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

இனி பதினேழாவது. அடக்கத்தை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா என்கிறாய். பள்ளிக்கூடம் வெள்ளிக்கிழமை மூடுகிறது, சனிக்கிழமை விமானம், ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குவீர்கள். ஃபீஃபி, உனக்காக இரண்டு முறை தள்ளியாயிற்று. ஏப்ரலில் உன் வேலை, மே மாதத்தில் லின்னின் தங்கை கல்யாணம். ஒவ்வொரு முறையும் புதுச் சுவரொட்டி அடித்துப் பழையதன் மேலேயே ஒட்டினோம், சந்தைச் சுவரில் உன் அப்பாவின் முகம் தடித்துப்போய் நிற்கிறது. கீழே பிள்ளைகள் வரிசையில் முதலில் உன் பெயர், அடைப்புக்குறிக்குள் கனடா. எகுவா பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை, அவள் இங்கேயே இருப்பவள்தானே. மீன் வாங்க வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "என்னக்கா, கனடா எப்ப வருது?" என்கிறார்கள். உன் பெயரை யாரும் சொல்வதில்லை.

போன ஞாயிறு அப்பா வழிக் குடும்பத் தலைவர் அமிசா பெரியவர் எல்லாரையும் கூட்டிவைத்துப் பேசினார். "இந்தா பாரு அராபா, செத்தவன் எங்க ரத்தம், பொதைக்கிறது எங்க வேல. பொட்டி கொண்டாந்து வெக்கிறது பெத்த புள்ளைங்க வேல. இன்னொரு தடவ தேதிய மாத்துன்னு வந்து நின்ன, வெறும் பொட்டியக் கனடாவுக்கு அனுப்பி வெச்சிருவேன், அவனே படுத்துக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஜூன் கடைசிச் சனிக்கிழமைதான் அடக்கம், இனி மாறாது என்று நானே சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் எகுவா தனியாகப் பெட்டியோடு அந்தக் கூட்டத்துக்குள் நடந்து வருவாள். லின்னும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமையே வரட்டும், நீ மட்டும் இரண்டு நாள் முன்னால் கிளம்பினால் என்ன?

விசாவுக்கு அழைப்புக் கடிதம் கேட்டிருந்தாய். பிறந்த வீட்டுக்கு வர என் கையெழுத்து வேண்டுமாம். நீ கனடாக்காரனானபோது கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் அனுப்பினாயே, அப்பா அதை வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டினார். கடிதம் இத்துடன் இருக்கிறது, கனடாவுக்குக் கிளம்பும் பாஸ்டர் மகள் கொண்டுவந்து தருவாள். பெயர், உறவு, முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். வருகையின் நோக்கம் விடுமுறை என்று போடச் சொன்னாய். அந்த இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன், நீயே நிரப்பிக்கொள். இங்கே வந்தாலும் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்றுதான் முதலில் கேட்போம், பெற்ற பிள்ளையானாலும் கேட்போம். அமிசா பெரியவர் எதிரே உட்கார்ந்திருப்பார். அங்கேயும் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

என்ன உடை எடுத்து வருவது என்று கேட்டிருந்தாய், அதை மறந்துவிட்டேன். சனிக்கிழமை அடக்கத்துக்கு வருகிறவனுக்குக் கறுப்பு வேண்டும், அப்பாவின் கறுப்புத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன், நீ எதுவும் வாங்க வேண்டாம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நன்றி ஆராதனைக்கு வருகிற விருந்தாளிகளுக்கு வெள்ளை போதும்.

ஆண்டவர் உங்கள் நால்வரையும் வழியில் காக்கட்டும், பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டை, மறந்துவிடாதே.

உன்னைப் பெற்றவள்,
அராபா (அனமாபு)