பல் டாக்டரின் கோழி

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் அக்கா வீட்டில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். போன் செய்தால் எடுப்பதில்லை, அதனால் கடிதம். நீ கோபித்துக்கொண்டு போய் ஒரு மாதமாகிறது. இங்கே ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. வரைவதும் நானே, வாடிக்கையாளர்களோடு பேசுவதும் நானே. நீ இல்லாமலே நம் டிசைன் கடை நன்றாக ஓடுகிறது.

பல் டாக்டரின் பெயர்ப்பலகை மட்டும் லேசில் முடியவில்லை. பதினோரு முறை மாற்றியாயிற்று. நீலம் கேட்டார், போட்டேன். நீச்சல்குளம் மாதிரி இருக்கிறது என்றாராம் அவர் மனைவி. பச்சை போட்டேன். மாமியாருக்குப் பச்சை ஆகாதாம். மூன்று நாள் உட்கார்ந்து நான் வரைந்த பல்லைப் பார்த்து, அங்கே டோக்கன் கொடுக்கும் பெண், "இது என்னங்க, பூண்டா?" என்று கேட்கிறாள். வந்த ஆத்திரத்தில் கம்ப்யூட்டரை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். கீழே உன் ஸ்கூட்டர் நின்றதால் பிழைத்தது.

அப்போதுதான் உன் தந்திரம் ஞாபகம் வந்தது. வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்து அனுப்பு, அதை எடுக்கச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள் என்பாயே. ஏமாற்று வேலை என்று உன்னைக் கேலி செய்த நானே, பலகையின் மூலையில் டூத்பிரஷ்ஷோடு ஒரு கோழியை நிறுத்தி அனுப்பினேன். டாக்டர் உடனே கூப்பிட்டார். "கோழி அபாரம்மா! மத்ததெல்லாம் எடுத்துடுங்க, கோழியை மட்டும் பெருசாப் போடுங்க" என்றார். அவர் குடும்பமே முதல் தடவையாக ஒத்துப்போயிற்றாம்.

"கோழிக்கு ஏது பல்லு, டாக்டர்?" என்று கத்தியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. "என் வாசல்ல வந்து நின்னு அழாத குழந்தையே இல்லம்மா. இதைப் பார்த்தா சிரிக்கும்ல?" என்றார். என்ன நிறம் வேண்டும் என்று பதினோரு முறை கேட்டேன். யாருக்காகப் பலகை என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நீயாக இருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாய்.

துணிக்கடைக்கு நான் போட்ட விளம்பர அட்டையைப் பார்த்து, எழுத்து அழகு, ஆனால் படிக்க முடியவில்லை என்றுதான் நாம் சண்டை போட்ட அன்றைக்குச் சொன்னாய். "ஒரு கோடு நேராப் போடத் தெரியாதவ எனக்குச் சொல்ல வந்துட்டா" என்று துணிக்கடைக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். போன வாரம் அவரும் படிக்க முடியவில்லை என்றுதான் அட்டையைத் திருப்பி அனுப்பினார். நான் உன்னை அப்படிச் சொன்னது தப்பு. அதைவிட, அவர் முன்னால் சொன்னது பெரிய தப்பு.

பலகையைத் திங்கட்கிழமை மாட்டுகிறார்கள். கோழி சிரிக்கிறதா முறைக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்ல இங்கே ஆளில்லை. படத்தின் நகல் இத்துடன் இருக்கிறது.

உன் வழக்கப்படி இந்தக் கடிதத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பு வைத்திருக்கிறேன். முதல் பத்தியின் கடைசி வரி. அதை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரடி.

இப்படிக்கு,
உன் முன்கோபி