தம்பி கிணற்றுக்கு வந்த மானியம்

முத்தியால்பேட்டை
12-2-1959

அன்பு மகன் வடிவேலுக்கு அப்பா எழுதிக்கொண்டது. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, நானும் சுகம், பம்பாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உன் சித்தப்பா பலராமனுக்குக் கிணறு வெட்ட சர்க்கார் மானியம் வந்து இரண்டு மாதமாகிறது, எனக்குத்தான் எழுத மனசு வரவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் மனு கொடுத்தோம், அவனுக்கு முதல் தவணை வந்தது, என்னுடையது ஆபீசில் கிடந்தது. தண்ணீர் கண்டுவிட்டது என்று தெரு முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தான். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது, அப்படியே மூடி வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடத் தெரியாதவன், அவன் தோளைத் தட்டி ஆபீசர் பேசுகிறார், ஐந்தாவது படித்த நான் வாசலில் நிற்கிறேன். வயிறு எரிந்தது வடிவேலு, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அந்த எரிச்சலில் ஒரு காரியம் செய்துவிட்டேன், அம்மாவுக்குக்கூடத் தெரியாது. பெயர் போடாமல் ஆபீசுக்கு ஒரு மொட்டை மனு எழுதினேன், பலராமன் கிணறு வெட்டுவது அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியாத நிலம், தன் நிலம் என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டான் என்று. பொய்யில்லை, உன் தாத்தா போனதிலிருந்து வாய்ப்பேச்சில்தான் பாதிப் பாதி உழுகிறோம். ஆனால் அந்த அண்ணன் நான்தான் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை பார். அவனுடைய இரண்டாம் தவணையை நிறுத்தினார்கள், அதே காரணம் சொல்லி என் மனுவையும் திருப்பிவிட்டார்கள். கிணறு பாதியில் நிற்கிறது, கோடை மழைக்குள் சுவர் எழுப்பாவிட்டால் மண் சரிந்துவிடும்.

இதற்கு மேல்தான் கேள். ஆபீசில் கொடுத்த மொட்டை மனு நகலை எடுத்துக்கொண்டு அவன் நேரே என்னிடம் வந்தான். படிண்ணே, எந்தப் பாவி எழுதினான்னு தெரியணும் என்றான். நான் எழுதினதை நானே அவனுக்கு வாசித்துக் காட்டினேன். எழுதின கை வெளங்குமா என்று உன் சித்தி அஞ்சலாட்சி நம் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு அவன், பாகம் பிரிச்சிக்கினோம்னு நீயே பதில் எழுதிடுண்ணே, நான் கைநாட்டு வெக்கறேன், உன் மனுவும் கூடவே சாங்ஷன் ஆயிடும் என்றான். என்னையும் சேர்த்து நினைத்தான் பார், அதுதான் இன்னும் எரிகிறது. என் கையால் எழுதினால் ஆபீசர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். எனக்குக் கண் சரியில்லை, வடிவேலு எழுதி அனுப்புவான் என்றேன். அப்போதுதான் வாசித்துக் காட்டியவன் நான், அதையும் நம்பிவிட்டான்.

ஆகையால் அந்தப் பதிலை நீ எழுதி உடனே தபாலில் சேர்த்துவிடு. தென்பாதி அவனுக்கு, வடபாதி எனக்கு, எங்களுக்குள் வழக்கில்லை என்று இருக்கட்டும். கிணறு இருக்கிற தென்பாதியை அவனுக்கென்று எழுதச் சொல்லவே கை வரவில்லை, இருந்தாலும் அப்படியே எழுது. கீழே என் கையெழுத்துக்கும் அவன் ரேகைக்கும் இடம் விடு. தீர்க்காயுசாக நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. மொட்டை மனு வெகு நேர்த்தியாக எழுதப்பட்டிருப்பதாக ஆபீசரே சொன்னாராம், நீ அதைவிட நன்றாக எழுது.

இப்படிக்கு
உன் அப்பா
கன்னியப்பன்