உப்பு விழுந்த எருக்குழி

வாழி! வடவெல்லைப் பாசறையில் வீற்றிருக்கும் ஆலங்கோட்டு மன்னர் விறல்வேலர் திருமுன்பு, அவர்தம் தேவி நன்முல்லை கோட்டையிலிருந்து விடுக்கும் ஓலை. மன்னரையும் படையினரையும் அம்பும் நோயும் அணுகாதிருப்பதாக. இங்கே தேவிக்கு நலம், நாட்டுக்கு நலமில்லை.

படை புறப்பட்ட காலைப் பேச்சு மன்னர்க்கு நினைவிருக்கும். "நான் இல்லாமல் என்ன செய்வாய், முல்லை?" என்றார். "மடைப்பள்ளிக் கழிவை எல்லாம் குழியிலிட்டு எருவாக்குவேன்" என்றாள் தேவி. "நான் நாடு பிடிக்கப் போகிறேன், என் தேவி குப்பையைப் பிடித்துக்கொண்டாளா!" என்று சிரித்தார். "பிடிக்கிற நாட்டிலும் சோறு விளைய வேண்டாமா?" என்றாள் அவளும் விடாமல்.

சொன்னபடியே குழி வெட்டுவித்தாள். காய்த்தோலும் வடித்த கஞ்சியும் சாணமும் அதில் சேர்ந்தன. மன்னர் இல்லாத நாளிலும் அவர் இருக்கைமுன் இலையிட்டுப் பரிமாறுவது குலவழக்கமாதலால், அந்த இலையும் அதில் விழுந்தது. களத்தில் நிற்பவரின் இலை குப்பையில் கிடந்தால் கண்ணேறு படும் என்று அஞ்சிய மடைப்பள்ளிப் பெண்டிர், தேவி அறியாமல் அதன்மேல் உப்பைக் கொட்டினர். செய்தி ஊருக்குள் பரவவே, படைக்குக் கணவரை அனுப்பியவர்கள் எல்லாரும் இரவோடு இரவாக ஆளுக்கொரு கூடை உப்புடன் வந்து, தத்தம் கணவர் பெயர் சொல்லிக் குழியில் கொட்டினர்.

அந்த எருவைத்தான் தாழ்வயல் முழுவதும் இட்டார்கள். நாற்று கருகியது. மறுபோகமும் கருகியது. மண்மேல் வெள்ளை பூத்துவிட்டது.

"எங்க ஆம்பளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானே தாயே போட்டோம்" என்று முற்றத்தில் விழுந்து அழுதவர்களைத் தண்டிக்கத் தேவிக்கு மனம் வரவில்லை.

உப்பைக் கழுவ வயலில் நீரைத் தேக்கித் தேக்கி வடிக்க வேண்டும். வரப்பு உயர்த்த வேண்டும். தூர்ந்த வாய்க்காலை வெட்ட வேண்டும். அதற்குரிய கைகள் எல்லாம் பாசறையில் வேல் பிடித்திருக்கின்றன. அப்படிக் கழுவினாலும் மண் மீளும் என்று உழவர் எவரும் உறுதி சொல்லவில்லை. மூட்டை கட்டிய குடும்பங்கள் கிழக்கு வாயில் வழியே போய்க்கொண்டிருக்கின்றன.

களத்தில் நிற்கும் மன்னரை அழைப்பது அரசிக்கு அழகன்று என்று எண்ணி, முன் விடுத்த ஓலைகளில் எல்லாம் ஒரு சொல்லை அவள் விழுங்கியே வந்தாள். ஆலங்கோட்டு முத்திரைக்கு அரக்கு உருகி நிற்கிறது. ஆணை எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று இவ்வோலையை எழுதும் எழுத்தர் கேட்க, தேவி வாய்விட்டுச் சொன்னாள்:

"போரை விட்டுவிட்டு வாருங்கள். எல்லாரையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்."