நாலு மணிக்கு வரன்

12.10.2008, காலை 9.15

மகள் தக்ஷாயினிக்கு,

பெரியகல்லாற்று மாமியைப் பார்க்கப் போகிறேன். சோறும் மீன்கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று நீ கிணற்றடியில் நின்றபோது, உன் போனுக்குப் பெயரில்லாத நம்பரில் இருந்து மெசேஜ் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் ‘நாளைக்கு நாலு மணிக்கு வரன்’ என்றிருந்தது. அது ‘வரன்’ என்றால், என்னைக் கேட்காமல் யாருக்கு மாப்பிள்ளை? ‘வருகிறேன்’ என்கிற ‘வாறன்’ என்றால், வாறது யார்? கேட்டதற்கு “ம்” என்றாய். சுனாமியில் கடல் அடித்து முகாமில் இருந்தபோதும் வாய் ஓயாமல் கதைத்த பிள்ளை நீ. இந்தப் போன் வந்தபின் எனக்கு “ம்” மட்டும்தான்.

பதிலை இதன் கீழே தமிழில், முழு வசனமாக எழுதி வை.

அம்மா

பி.கு: நான் மூன்றரைக்கே வந்துவிடுவேன். வருகிறவர் முன்வாசலால் வரட்டும். தேத்தண்ணி நானே ஊற்றுவேன்.